இரத்த அழுத்தம் அளக்கும் முன் சற்று இசை

அண்ணா சாலை நெரிசலில் ஹாரன் சத்தத்தோடு ஊர்ந்து வீடு சேர்ந்தவுடன் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றினால், அது காட்டும் எண் உங்களுடையது மட்டுமன்று, சாலையினுடையதும்தான். முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் அமர்ந்து, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரை செல்லும் வீணை அல்லது புல்லாங்குழல் இசையைச் சன்னமான ஒலியில் 20 நிமிடம் கேளுங்கள். மூச்சு தானாகவே நீண்டு மெதுவாகும்போது இதயத்துடிப்பு தணிகிறது, இறுகிய இரத்தக் குழாய்களும் சற்றுத் தளர்கின்றன. ஆனந்தபைரவி ராகம்தான் வேண்டும் என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால், மனத்துக்குப் பிடித்த எந்த ராகமும் போதும், மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனம் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். பிறகு 5 நிமிடம் பேசாமல் இருந்து, அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். இதை நம்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அளவு 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியும் இருந்தால், பாட்டை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.