லாப் ஜாயின்ட் விரிசலை விமானம் தரையில் நிற்கும்போதே பிடிப்பது எப்படி

பழைய விமானம் சோதனைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சைக்கிள் கணக்கு. வயதும் பறந்த மணிக்கணக்கும் அப்புறம். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள்; ஒவ்வொரு தடவையும் கேபின் அழுத்தத்தில் உடல் தகடு இழுபட்டுத் தளர்கிறது. 1988 ஏப்ரல் 28-ல் ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலுலு போன அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-200, 24,000 அடியில் சுமார் 18 அடி நீளக் கூரையை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். அந்த விமானம் பறந்தது 35,496 மணி நேரம்தான், சைக்கிளோ 89,680. தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள்.

எங்கே தேடுவது? மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் படிந்து மூன்று வரிசை ரிவெட்டால் (தகடுகளைத் துளைத்துப் பிணைக்கும் ஆணி) பிணைந்திருக்கும் லாப் ஜாயின்ட் என்ற இணைப்பில், மேல் வரிசையில். அங்கே தகட்டின் தடிமன் 0.9 மி.மீ. மட்டுமே. ரிவெட் தலை பதிய முழு ஆழத்துக்கும் சரிவாகக் குடைந்திருப்பதால் துளையின் அடி விளிம்பு கத்தி முனையாகிவிடும். ஆரம்பகால 737-களில் தகடுகளுக்கு இடையே இருந்த குளிர் ஒட்டுப் பசை விட்டுப்போனதும், ஈரம் புகுந்து துரு பிடித்து, சுமை முழுக்க ரிவெட்டுக்கு வந்தது. விரிசல் துளையிலிருந்து பக்கத்துத் துளையை நோக்கிக் கிடைமட்டமாக ஓடும். ரிவெட் தலையைக் கடிகார முகப்பாக நினைத்தால் 3, 9 இருக்கும் இடங்களை விடவே கூடாது.

முதலில் கண். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு தலையணை மாதிரி உப்பியிருந்தால் உள்ளே துரு. தலையிலிருந்து பின்னோக்கிக் கறுப்புக் கோடு இழுத்திருந்தால் ரிவெட் ஆடுகிறது. பெயின்ட் எடுக்கப் பிளாஸ்டிக் சுரண்டிதான். இரும்பால் கீறினால் அந்தக் கீறலே அடுத்த விரிசலுக்கு விதை.

பிறகு எட்டி கரண்ட்: ப்ரோப் என்ற சிறு முனையால் தகட்டில் மின்சுழலை உண்டாக்கி, விரிசலில் அது தடைபடுவதைச் சிக்னலாகக் காட்டும் சோதனை. தயாரிப்பாளரின் சோதனைக் கையேட்டில் உள்ள அதே தகடு, விரிசலுக்குப் பதிலாகப் போட்ட அதே வெட்டுடைய மாதிரித் துண்டில் கருவியைச் சீராக்குங்கள். வட்ட வழிகாட்டியை ரிவெட் தலைக்கு மையமாக வைத்து, ப்ரோபைச் செங்குத்தாகப் பிடித்து, முழுச் சுற்று சுற்றுங்கள். சாய்ந்தால் பொய்ச் சிக்னல் வரும்; பக்கத்தில் எஃகு ஸ்க்ரூ இருந்தாலும் அப்படித்தான். தலைக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும் மிகச் சிறிய விரிசல் இதில் சிக்காது, அதனால்தான் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்.

அரை மணிக்கு ஒருமுறை மாதிரித் துண்டில் மறுபடி வைத்துப் பாருங்கள். சிக்னல் நகர்ந்திருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நேரத்துக்குப் பின் பார்த்த ரிவெட் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். நள்ளிரவு ஷிஃப்டில், உயரத்தில், நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி ரிவெட்டுகளை ஒருவரே பார்த்தால் கண் பார்க்கும், மனம் பார்க்காது. ஆளை மாற்றுங்கள்.

ஒரு துளையில் விரிசல் கிடைத்தால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பேனல் முழுவதும் சந்தேகத்துக்குரியது. தனி விரிசல் நீண்டால் உள்ளே ஒட்டிய பட்டைகள் அதைத் திருப்பிவிட, தகடு சிறு மடலாகத் திறந்து அழுத்தம் மெல்ல வெளியேறும் என்பதுதான் வடிவமைப்பின் கணக்கு. வரிசையாகப் பல துளைகளில் சிறு விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தபோது அலோஹாவில் அந்தக் கணக்கு பொய்த்தது.

விரிசல் முனையில் துளை போட்டு அனுப்பிவிடும் வேலை இங்கே ஆகாது. அங்கீகரிக்கப்பட்ட பழுதுநீக்க வரைபடப்படி விரிசல் பகுதியை வெட்டி எடுத்து ஒட்டுத் தகடு போடுங்கள். விரிசல் இல்லாத மேல் வரிசைத் துளைகளையும் சற்றுப் பெரிதாக்கி, பதியும் தலைக்குப் பதில் வெளியே துருத்தும் தலையுள்ள ரிவெட் அடிக்கச் சொல்லியிருந்தால், தகடுகளுக்கு இடையே சீலன்ட் (ஈரம் புகாமல் அடைக்கும் பசை) ஈரமாக இருக்கும்போதே அடித்து முடியுங்கள்.