புது லைட் மாட்டினால் முதல் நாளே முழு வெளிச்சம் வைக்காதீர்கள்

எங்கள் புளோக்கில் கீழ்மாடியில் இருக்கும் தம்பி போன வாரம் கடல் பவளம் வளர்க்க இரண்டடித் தொட்டியும் புது எல்இடி விளக்கும் வாங்கிவிட்டு, "அண்ணே, எத்தனை சதவீதத்தில் வைக்கணும்?" என்று கேட்டார். வெறும் எண்ணைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் 9 வருடமாக ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டி, ஓடுகிறது. முதலில் டி5 குழல் விளக்குகள். அவற்றைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டிய அன்றே 100 சதவீதம் வைத்தேன். கடையில் அப்படித்தான் சொன்னார்கள். ஐந்தாம் நாள், உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்த மோண்டிப்போரா பவளத்தின் மேல்பக்கம் முழுக்க வெள்ளை. நிழலில் இருந்த அடிவிளிம்பில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சமிருந்தது. அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி மணலில் வைத்தேன். அது ஒன்றுதான் பிழைத்தது.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பங்கு அந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கையில் தயாரித்துத் தருவதுதான். வெளிச்சம் திடீரென்று கூடினால் அவற்றால் தாங்க முடியாது. பவளம் பாசிகளை இழக்கும், நிறமும் அவற்றோடு போய்விடும். தண்ணீர் சூடானால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் லைட்டைத் தொடுவதற்கு முன் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 25, 26 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெக்கையில் இதை விட்டுவிடவே கூடாது.

தம்பிக்கு நான் சொன்னது: 35 சதவீதத்தில் ஆரம்பியுங்கள், வாரத்துக்கு 5 சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். அளவைக் குறைக்கும் வசதி இல்லாத விளக்கு என்றால் உயரமாகத் தூக்கிக் கட்டலாம். அல்லது தொட்டிக்கு மேல் கொசுவலையை மூன்று நான்கு மடிப்பாக விரித்து, வாரம் ஒரு மடிப்பு எடுக்கலாம். நான் இப்போதும் கொசுவலையைத்தான் நம்புகிறேன்.

எதுவரை ஏற்றுவது என்பதை விளக்கில் தெரியும் சதவீதத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. பவளம் உட்காரும் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதுதான் கணக்கு. அதற்கு, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பிஏஆர் மீட்டர் வேண்டும். விலை அதிகம், சொந்தமாக வாங்க வேண்டாம். ஒரு நாளைக்கு வாடகைக்கோ நண்பர்களிடம் இரவலோ வாங்கினால் போதும். கைப்பேசியில் இருக்கும் லக்ஸ் செயலி நீல ஒளியைச் சரியாகக் காட்டாது. மஷ்ரூம், ஸோவா போன்ற பவள வகைகளுக்கு அந்த மீட்டரில் 50 முதல் 100 வரை போதும். டார்ச், ஹேமர் வகைகளுக்கு 75 முதல் 150 வரை. மோண்டிப்போரா, அக்ரோபோராவுக்கு 200க்கு மேல். என் தொட்டியில் பாறை உச்சியில் 240, மணலின் நடுவில் 90, மூலையில் வெறும் 40. ஒரே விளக்கின் கீழ் இவ்வளவு வித்தியாசம்! ஆகவே பல நேரம் லைட்டை மாற்றுவதைவிடப் பவளத்தை இடம் மாற்றுவதே நல்லது. ஸோவாவைத் தொடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அந்த இனத்தில் சிலவற்றின் நஞ்சு மிகக் கொடியது.

நிறத்தில் நீலம்தான் முக்கியம். கடலில் சிவப்பு ஒளி மேலேயே அடங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும்; அந்தப் பாசிகளும் நீலத்தை நன்றாக உறிஞ்சும். வெள்ளையை நான் நீலத்தில் கால்பங்குதான் வைக்கிறேன், அதுவும் என் கண்ணுக்காக. நேரம்: காலை 11:30க்கு மெல்ல எரியத் தொடங்கி இரவு 8 மணிக்கு அணையும். விருந்தினர் வந்தாலும் நீட்டுவதில்லை. மேற்கு ஜன்னல் இருந்தால் திரை போடுங்கள், மாலை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம் தினமும் பாருங்கள். ஸோவா காம்பை நீட்டி மேலே எட்டினால் வெளிச்சம் போதவில்லை. மஷ்ரூம் சுருங்கி விளிம்பு சுருண்டால், டார்ச் பகலில் உள்ளே இழுத்துக்கொண்டால், அதிகமாக இருக்கலாம். பவளம் பழுப்பேறினால் வெளிச்சக் குறைவாகவும் இருக்கலாம், நைட்ரேட் கூடியதாலும் இருக்கலாம். தண்ணீரைச் சோதித்துவிட்டு லைட்டுக்கு வாருங்கள். வாராவாரம் ஏற்றுவது முடிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதன்பின் இரண்டு வாரம் காத்திருங்கள். வெளுப்பு மட்டும் விதிவிலக்கு. வெளுக்கத் தொடங்கினால் அன்றே குறைத்துவிடுங்கள்.

பலர் கவனிக்காத இரண்டு விஷயம் உண்டு. பல மாதம் விட்டுக் கரித்தூள் வடிகட்டி போட்டால், மஞ்சளாக இருந்த தண்ணீர் ஓரிரு நாளில் தெளிந்து, லைட்டைத் தொடாமலேயே வெளிச்சம் கூடிவிடும். விளக்கில் படிந்த உப்பைத் துடைத்தாலும் அப்படித்தான். இவற்றில் எதைச் செய்தாலும் அன்று நான் 10 சதவீதம் இறக்கி வைத்துவிட்டு மெல்ல ஏற்றுவேன்.

தம்பி தொட்டியில் இப்போது இரண்டு மஷ்ரூமும் ஒரு ஸோவாவும் மணலில் உட்கார்ந்திருக்கின்றன. சனிக்கிழமை மீட்டரோடு கீழே போகிறேன். அந்த நகம் அளவுத் துண்டு மறுபடி உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. அதில் கொஞ்சம் கேட்டிருக்கிறார். எட்டாவது வாரம் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.