பொனட் மூடுமா? கிளே உருண்டை சொல்லிவிடும்

ஏசி கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலான கோப்ரா ரெப்ளிக்காவுக்குள் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை இறக்கப் போகிறீர்களா? கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பேரம் படிந்ததும் எஞ்சினைத் தாங்கும் மவுண்டை வெல்டிங் பண்ண ஓடாதீர்கள். முதலில் உள்பாகங்கள் கழற்றிய வெறும் எஞ்சின் பிளாக்கில் ஹெட், சம்ப் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), மனிபோல்ட் (காற்று, புகைக் குழாய்த் தொகுதி), கார்புரேட்டர் மட்டும் பூட்டி, செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தொங்கவிட்டு இறக்கிப் பாருங்கள். உயரமான இடங்களில் பிள்ளைகள் விளையாடும் கிளே உருண்டைகளை ஒட்டி, மேலே பொலித்தீன் துண்டு போட்டு, பொனட்டை மெல்ல மூடித் திறவுங்கள். நசுங்கி மிஞ்சிய தடிப்புத்தான் உங்கள் இடைவெளி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் ரப்பர் மவுண்டில் சாயும். அதனால் 20 மில்லிமீட்டராவது இருக்கட்டும். ஸ்டியரிங் தண்டு பக்கமும் இதே சோதனைதான்.

காரின் அடிச்சட்டமான சசியையும் மறக்க வேண்டாம். 7 லீட்டர் எஞ்சினுக்காக அசல் கோப்ராவின் பிரதான குழாய்களையே 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கினார்கள். உங்கள் சசி எந்த எடைக்குச் செய்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் ரேடியேட்டர். கொழும்பு–காலி வீதி நெரிசலில் காற்றோட்டமே இருக்காது, நல்ல மின்விசிறி போடுங்கள். எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன அனுமதி வேண்டும் என்பதை, காசு கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.