தொழில் மாநாட்டிற்குச் செல்லும் பழைய வாகனம் பிரிப்போருக்கு

கோவை உக்கடத்திலோ ஈரோட்டிலோ பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர், ஒரு நாள் கடையடைத்தால் நட்டம் என்றெண்ணித் தொழில் மாநாட்டைத் தவிர்க்கக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் வாகன உடைப்பு நிலைய விதிகளும், 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகளும் தொழிலின் போக்கையே மாற்றியிருப்பதால், உடைப்பு நிலையப் பதிவு பற்றிய ஐயங்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

மாநாட்டு உரைகளைவிடக் கண்காட்சி அரங்குகளுக்கே அதிக நேரம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழற்றி வைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (வண்டிப் புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்), அதன்மேல் பொறித்த எண் தெரியும்படி படமெடுத்துச் சென்று, வாங்குவோர் சிலரிடம் விலை கேளுங்கள். தேன்கூடு போன்ற அதன் உட்பகுதியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் படிந்திருக்க, அதை இரும்பு எடைக்குப் போடுவது பேரிழப்பு. உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரிக்காரர்களைக் கண்டால், எஞ்சின் பிளாக்கை எந்த அளவில் உடைத்து, எண்ணெயை எவ்வளவு வடித்துத் தர வேண்டுமென்று கேளுங்கள்.

முகவரி அட்டை கொடுத்தவர்களை அந்த வாரத்திற்குள் அழைத்துப் பேசிவிடுங்கள்.