'எதிர்மறை' என்றதும் தண்டனையா? உளவியலில் சறுக்கும் இடங்கள்

பி.எட்.டுக்கோ டெட் தேர்வுக்கோ உளவியலை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு அது லேசான பாடமாகத் தெரியும். வாய்பாடு கிடையாது. ஊக்கம், தண்டனை, நினைவு, மறதி என்று வருவதெல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். ஆனால் அந்தச் சொற்களுக்கு வீட்டில் ஒரு பொருள், பாடத்தில் வேறு பொருள். மதிப்பெண் போவது அங்கேதான்.

'எதிர்மறை வலுவூட்டல்' என்பதைத் தண்டனைக்கு இன்னொரு பெயர் என்று எழுதிவைப்பவர்கள் ஏராளம். இந்தச் சொற்களைத் தந்த உளவியலாளர் ஸ்கின்னரைப் பொறுத்தவரை நேர்மறை என்றால் ஒன்று வந்து சேர்கிறது, எதிர்மறை என்றால் ஒன்று விலகுகிறது. வெறும் கூட்டல் கழித்தல். நல்லது கெட்டது என்ற பேச்சே இதில் இல்லை. நடத்தை கூடினால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. சீட் பெல்ட் மாட்டும்வரை கார் 'பீப் பீப்' என்று கத்துகிறது, மாட்டியதும் சத்தம் போய்விடுகிறது, அடுத்த தடவை ஏறியதுமே மாட்டிக்கொள்கிறோம். இது எதிர்மறை வலுவூட்டல். பையன் சேட்டை செய்ததற்குச் செல்போனைப் பிடுங்கி வைத்து, சேட்டை குறைந்தால் அது எதிர்மறைத் தண்டனை.

கடையில் சாக்லேட்டுக்காகக் குழந்தை புரண்டு அழுகிறது. அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். குழந்தைக்குச் சாக்லேட் வந்தது, அடுத்த முறையும் அழும்: நேர்மறை வலுவூட்டல். அம்மாவுக்கோ அழுகைச் சத்தம் போனது, அடுத்த முறையும் வாங்கிக் கொடுப்பார்: எதிர்மறை வலுவூட்டல். ஆக, யாருடைய நடத்தை என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அது கூடியதா குறைந்ததா, அப்புறம் வந்ததா போனதா.

இதே 'எதிர்மறை' புள்ளியியலிலும் காலை வாரும். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் +1 வரை சொல்வது ஒட்டுறவு. −0.8, +0.5 இரண்டில் எது வலுவான ஒட்டுறவு? −0.8தான். கழித்தல் குறி திசையை மட்டும் சொல்கிறது: ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இன்னொன்று, ஒட்டுறவைக் காரணமாக எடுத்துக்கொள்வது. ஒரு தொடக்கப் பள்ளியில் செருப்பு அளவு பெரிதாக உள்ள பிள்ளைகள் நன்றாக வாசிப்பார்கள். செருப்பு சொல்லிக்கொடுக்கவில்லை. வயது!

நாய்க்கு உணவோடு சேர்த்து மணியடித்துப் பழக்கி, பிறகு மணியோசைக்கே எச்சில் ஊறவைத்த பாவ்லோவ் கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழக்குவதற்கு முன் மணியோசை வெறும் நடுநிலைத் தூண்டல்தான், எச்சில் ஊறாது. உணவோடு சேர்த்துப் பழக்கிய பிறகே அது ஆக்கநிலையுற்ற தூண்டல் ஆகிறது. (1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு; நாய்க்கு மணியடித்ததற்கு அல்ல.)

நினைவை வீடியோ பதிவுபோல நினைப்பது அடுத்த தவறு. 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றார்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டால் 32 மைல். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். 'இடித்த' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். இதை மறதி என்று எழுதாதீர்கள். நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது, கேள்வியில் உள்ள சொல்லும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. யாருக்கு எந்தச் சொல் என்பதை ஆய்வாளர்களே தீர்மானித்ததால், இங்கே சொல்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். செருப்பு விஷயத்தில் அது முடியாது.

கடைசியாக, இந்தப் பாடத்தைப் படிக்கும் விதம். மஞ்சள் பேனாவால் கோடு போட்டு நாலு தடவை புரட்டினால் எல்லாம் தெரிந்தமாதிரி இருக்கும். நானும் அப்படிப் படித்தவன்தான். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதியை இரண்டாம் முறை படித்தவர்களையும், இரண்டாம் முறை படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. ஆனால் ஐந்தே நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், 81க்கு 75. அதனால் தேர்வுக்கூட வாசலில் நின்று நோட்டைப் புரட்டுபவரைக் கேலி செய்ய வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் செய்வது சரி.