பெடிக்கிள் ஸ்க்ரூ: பிடிப்பு நிற்க எங்கே, எப்படிச் செலுத்துவது

பெடிக்கிள் ஸ்க்ரூ என்பது முதுகெலும்பை நிலைநிறுத்த முள்ளெலும்புக்குள் பின்புறமிருந்து செலுத்தும் திருகு. அதன் பிடிப்பில் ஏறக்குறைய 60 சதவீதம், முள்ளெலும்பின் பின்பகுதியை அதன் உடலோடு இணைக்கும் பெடிக்கிள் என்ற குறுகிய எலும்புக் கழுத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதைத் தாண்டி முள்ளெலும்பின் உடலில் இருக்கும் பஞ்செலும்பு சேர்ப்பது குறைவு. அதனால் பெடிக்கிளில் துளை கெட்டுப்போனால், நீளமான ஸ்க்ரூவைப் போட்டு அந்த இழப்பை முழுதாக ஈடுகட்ட முடியாது.

அறுவைக்கு முன்பே சிடி ஸ்கேனில் ஒவ்வொரு மட்டத்திலும் (முள்ளெலும்பிலும்) இருபக்கப் பெடிக்கிளையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். ஒரே முள்ளெலும்பில்கூட இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஸ்க்ரூவின் விட்டம் பெடிக்கிளின் வெளி அகலத்தில் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம். இடுப்புப் பகுதியில் பொதுவாக 5.5 முதல் 7.5 மி.மீ. விட்டமும் 40 முதல் 50 மி.மீ. நீளமும் பொருந்தும். நீளத்தைவிடத் தடிமனில் கவனம் வையுங்கள். வளைவைத் தாங்கும் வலிமை ஸ்க்ரூவின் புரிகளுக்கு உள்ளேயுள்ள தண்டு விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும்: 4 மி.மீ. தண்டு 5 மி.மீ. ஆனால் வலிமை கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இடுப்பு முள்ளெலும்பில் நுழைவிடம், குறுக்கு முனைப்பின் நடுக்கோடும் மேல் மூட்டு முனைப்பின் வெளி விளிம்பும் சந்திக்கும் இடம். மேல்கோடி மட்டத்தில் ஸ்க்ரூவின் தலை அதற்கு மேலுள்ள மூட்டை உரசக் கூடாது. உரசினால் அடுத்த மட்டம் சீக்கிரம் தேயும். உட்சாய்வு, இடுப்பின் முதல் முள்ளெலும்பான எல்1-இல் 5 முதல் 10 பாகை. கீழே இறங்க இறங்கக் கூடி, ஐந்தாவதான எல்5-இல் 25 முதல் 30 பாகை வரை போகும். இருபக்க ஸ்க்ரூக்களும் உள்நோக்கிச் சாய்ந்து, ஸ்க்ரூத் தலைகளை இணைக்கும் தண்டுகளான ராடுகளைக் குறுக்கு இணைப்பும் பிணைத்துவிட்டால், ஸ்க்ரூக்கள் வெளியே வர இடையிலுள்ள எலும்பையும் பெயர்த்தாக வேண்டும். நேர்க்கோட்டில் போன ஸ்க்ரூவுக்கு அந்தத் துணை இல்லை.

எலும்பில் வழி திறக்கும் கருவியான புரோப் போன வழியை உருண்டைமுனைக் கம்பியால் தடவி, நான்கு சுவர்களையும் அடித்தளத்தையும் உறுதிசெய்யுங்கள். உட்சுவர் உடைந்தால் நரம்புப்பைக்கும், கீழ்ச்சுவர் உடைந்தால் வெளியேறும் நரம்பு வேருக்கும் ஆபத்து. வெளிச்சுவர் உடைப்பு பெரும்பாலும் வலியோ மரப்போ தராது. அதனாலேயே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்; ஆனால் பிடிப்பு அங்கேதான் நழுவுகிறது. திசை மாற்றி இரண்டாவது வழி போட்டால் துளை அகன்றுவிடும். அப்படி நேர்ந்தால் இடம் அனுமதிக்கிற அளவுக்குத் தடித்த ஸ்க்ரூவுக்கு மாறுங்கள்.

டேப் (துளையில் புரி வெட்டும் கருவி) போடுவதானால் ஸ்க்ரூவைவிட 1 மி.மீ. சிறியதாக எடுங்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ முனை முள்ளெலும்பு உடலின் முன்பின் நீளத்தில் 80 சதவீதத்தை எட்டினால் போதும். முன்புறக் கெட்டி எலும்பைத் துளைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் இடுப்பு மட்டங்களில் அதற்கு அப்பால் பெருந்தமனியும் பெருஞ்சிரையும் இருக்கின்றன. முதுகெலும்பின் அடியிலுள்ள சாக்ரம் எலும்பின் முதல் மட்டமான எஸ்1 விதிவிலக்கு: அங்கே பெடிக்கிள் அகலம், எலும்பு மென்மை. ஆகவே முனையைச் சாக்ரத்தின் முன்மேல் விளிம்பை நோக்கி வைத்துக் கெட்டி எலும்பில் கடிக்கவிடுகிறார்கள். நீண்ட ராடு சாக்ரத்தில் முடிந்தால் இடுப்பெலும்பிலும் ஸ்க்ரூ தேவைப்படும்.

தலை எலும்பில் முட்டி இறுகும்வரை திருகாதீர்கள். முட்டினால் அது நெம்புகோலாகிப் பின்புற எலும்பை விரிசலாக்கும். தலையும் ராடுக்கேற்பத் திரும்பாது. கூம்பு வடிவ ஸ்க்ரூவை அரைச் சுற்றுகூடப் பின்னுக்குத் திருப்பாமல் இருப்பது நல்லது, முன்னிருந்த இறுக்கம் குறைந்துவிடக்கூடும்.

ராடை ஸ்க்ரூ வரிசைக்கேற்ப வளையுங்கள். ஸ்க்ரூவை ராடுவரை இழுத்துப் பூட்டினால், அன்றிலிருந்தே அதைப் பிடுங்கும் விசை ஓயாமல் இருந்துகொண்டிருக்கும். எலும்பு மெலிவு நோயில் இது இன்னும் மோசம். அங்கே துளையுள்ள ஸ்க்ரூ வழியாகச் சிமென்ட் செலுத்துவது உதவும். அப்போது ஒவ்வொரு துளியையும் நேரடி எக்ஸ்ரேயில் பார்த்தபடி செலுத்துங்கள், சிமென்ட் நாளங்களுக்குள் கசிந்தால் நுரையீரலுக்குப் போய்விடும்.

பின்தொடர் படங்களில் ஸ்க்ரூவைச் சுற்றி 1 மி.மீ.க்கு மேல் கருவளையம் தெரிந்தால் தளர்வு தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த மட்டத்தில் எலும்பு ஒட்டியிருக்கிறதா என்பதைச் சிடி எடுத்துப் பாருங்கள்.