வலது கை தொய்ந்தால் இடது மூளையைக் கவனியுங்கள்

பெருமூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறித்தான் தண்டுவடத்தில் இறங்குகின்றன. தொடு உணர்வும் மேலே வரும்போது முகுளத்தில் பக்கம் மாறுகிறது. வலியும் சூடும் தண்டுவடத்திலேயே மாறிவிடும். அதனால் இடது மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் வலது கை, கால் விழும். பேச்சும் பெரும்பாலோருக்கு இடது பாதியில் என்பதால் கூடவே வாய் குழறும்.

வீட்டில் யாருக்காவது திடீரென்று ஒரு பக்கம் மரத்துப்போனால், கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். 10 வினாடி போதும். ஒரு கை மெல்ல உள்பக்கமாகத் திரும்பித் தாழும். அப்புறம் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணும். இதில் ஒன்று தெரிந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108.

தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், புரையேறிவிடும். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைத்து, மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.